பழைய லேண்ட்ரோவரின் எண்ணெய் முள் ஏன் அலைபாய்கிறது?

மாணவர்களே, ஒரு பழைய வாகனத்தில் டேங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறீர்கள். சாவியைத் திருப்பினால் எண்ணெய் முள் பாதியில் வந்து நின்றுவிடுகிறது. இரவில் விளக்கைப் போட்டால் இன்னும் இறங்குகிறது. விளக்கை அணைத்தால் மெதுவாக மேலே ஏறுகிறது. மேடு பள்ளமான பாதையில் போனால் வேறோர் இடத்தில் நிற்கிறது. இத்தனைக்கும் வண்டியின் வயரிங் முழுவதும் அண்மையில்தான் புதிதாக மாற்றப்பட்டது. இப்போது எதைக் கழற்றுவீர்கள்? டேஷ்போர்டில் இருக்கும் மானியையா, டேங்கிக்குள் மிதக்கும் ஃப்ளோட்டையா?

பெரும்பாலோர் மானியைத்தான் முதலில் மாற்றுவார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். அதற்கு அடுத்தது ஃப்ளோட். இரண்டையும் மாற்றி, காசும் செலவான பிறகு, முள் பழையபடி பாதியிலேயே நிற்கும். நம் நெகிரி செம்பிலானில், லாபு பக்கம் வசிக்கும் ஒரு பெரியவரின் வண்டியில் இதுதான் நடந்தது. அவர் தோட்டப் பட்டறையில் மெக்கானிக்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். வண்டி, லேண்ட்ரோவர் சீரிஸ் 3. இன்னமும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகத் தம் டுரியான் தோப்புக்கு அதில்தான் போய் வருகிறார்.

முள் குறைவாகக் காட்டினால் என்ன கெட்டுவிடும், நிறையக் காட்டினால்தானே ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம். குறைவாகக் காட்டும் முள்ளை நாளடைவில் யாரும் நம்ப மாட்டார்கள். “அது அப்படித்தான் காட்டும், டேங்கியில் எண்ணெய் இருக்கிறது” என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் முள் உண்மையைச் சொல்லும். அன்று பெரியவர் எழுபது வயதைத் தாண்டிய கால்களுடன், கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத செம்பனைக் காட்டுக்குள் இருட்டில் நடந்து வெளியே வந்தார். அதன்பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். நான் மெக்கானிக் இல்லை, அறிவியல் ஆசிரியர். என்னிடம் இருந்தது ஒரு மல்டிமீட்டரும், படிவம் ஐந்தில் படிக்கும் இரண்டு மாணவர்களும்தான்.

முள்ளை நகர்த்துவது வெப்பம்

சீரிஸ் 3 வண்டிகள் 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டவை. அவற்றின் எண்ணெய் மானிக்குள் காந்தம் எதுவும் இல்லை. இரண்டு உலோகங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருக்கும். கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு உண்டாகும். இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் பட்டை வளையும். வளையும் பட்டை முள்ளைத் தள்ளும். ஆகவே நீங்கள் பார்க்கும் முள், உண்மையில் ஒரு கம்பியின் சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

சூடாக நேரம் ஆகும் அல்லவா? அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று எழுவதில்லை, சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறது. இது குறையன்று, வேண்டுமென்றே செய்ததுதான். தோட்டப் பாதையில் டேங்கிக்குள் பெட்ரோல் அலையடித்தாலும் முள் அதோடு சேர்ந்து ஆடாது.

டேங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் மட்டத்தோடு அது ஏறி இறங்கும்போது, அதன் கை ஒரு தடைச்சுருளின் மேல் உரசிச் செல்லும். இந்த வகை ஃப்ளோட்டில் டேங்கி காலியாக இருந்தால் மின்தடை ஏறத்தாழ 240 ஓம், நிறைந்திருந்தால் ஏறத்தாழ 30 ஓம். பள்ளியில் நீங்கள் ரிந்தாங்கான் என்று படிக்கிறீர்களே, அதுதான். பேட்டரி, மானி, ஃப்ளோட், வண்டியின் இரும்புச் சட்டம், மீண்டும் பேட்டரி: இவ்வளவுதான் சுற்று. லித்தார் செசிரி, அதாவது தொடர்ச் சுற்று. திரும்பிப் போவதற்குத் தனி வயர் இல்லை, வண்டியின் உடம்பே வயர். பட்டறையில் இதைத்தான் ‘எர்த்’ என்கிறார்கள்.

இடையில் இன்னொரு சிறிய பெட்டி உண்டு. பேட்டரியின் மின்னழுத்தம் நிலையானதன்று. இயந்திரம் ஓடாதபோது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும். ஓடும்போது 14 வோல்ட்டைத் தொடும். சூட்டை அளக்கும் மானிக்கு இது ஒத்துவராது, வேகத்துக்கு ஏற்ப முள் மாறும். அதனால் ஸ்டெபிலைசர் என்ற ஒரு பெட்டி சராசரியாக 10 வோல்ட் மட்டும் அனுப்புகிறது. அதற்குள்ளும் ஓர் ஈருலோகப் பட்டைதான்! சூடானதும் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் இணைக்கும். இப்படி விட்டு விட்டு மின்சாரம் அனுப்பி 10 வோல்ட் சராசரியைக் காக்கிறது. ஒரு ‘சிப்’கூட இல்லாமல் இந்த வேலையைச் செய்யும் அந்தக் காலத்துப் பொறியாளர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். மானியின் சுருள் 65 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்கி நிறைந்திருந்தால் மொத்தத் தடை 65 + 30 = 95 ஓம். 10 வோல்ட்டை 95-ஆல் வகுத்தால் சுமார் 105 மில்லிஆம்பியர். காலியாக இருந்தால் 65 + 240 = 305 ஓம், மின்னோட்டம் 33 மில்லிஆம்பியர். பாதி டேங்கியில் ஃப்ளோட் 80 ஓம் என்று கொண்டால் 69 மில்லிஆம்பியர் வரும். மானிக்குத் தெரிந்த உலகமே இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. பெட்ரோல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

இந்தச் சுற்றில் எங்கோ ஓரிடத்தில் துருவோ பெயிண்டோ புகுந்து, கூடுதலாக 50 ஓம் தடையை உண்டாக்கினால் என்ன ஆகும்? நிறைந்த டேங்கியில் 65 + 30 + 50 = 145 ஓம். மின்னோட்டம் 69 மில்லிஆம்பியர். அதாவது பாதி டேங்கிக்கு உரிய அதே எண்! மானி பொய் சொல்லவில்லை, தனக்கு வந்த மின்னோட்டத்தைச் சரியாகவே காட்டுகிறது. டேங்கி காலியாகும்போது அதே 50 ஓம், மின்னோட்டத்தை 33-லிருந்து 28-ஆக மட்டுமே குறைக்கும். ஆகவே நிறைந்தால் பெரிய பிழை, காலியானால் சிறிய பிழை. பெரியவரின் வண்டி சரியாக இப்படித்தான் நடந்துகொண்டது. இந்த அடையாளத்தைக் கேட்டதுமே, மானியை விட்டுவிட்டு எர்த் பக்கம் பார்க்கலாம் என்று என் மாணவர்களில் ஒருவர் சொன்னார். எனக்கு அன்று அதுவே போதுமான மகிழ்ச்சி.

அலுமினியமும் இரும்பும் சேரும் இடம்

லேண்ட்ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் இந்த வண்டி படையினரோடும் போலீசாரோடும் நம் நாட்டுக்குள் வந்தது. ரப்பர் தோட்டத்துத் துரைமார்களும் இதை ஓட்டினார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், துரையின் லேண்ட்ரோவர் சத்தம் கேட்டால் லயத்தில் என்ன நடக்கும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

போருக்குப் பிந்திய பிரிட்டனில் இரும்புத் தகடுக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் சட்டத்தை எஃகிலும், உடம்பை அலுமினியக் கலப்பு உலோகத்திலும் செய்தார்கள். உடம்பு துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அது ஒரு சிறிய மின்கலமாகிவிடுகிறது. வேதியியலில் நீங்கள் படிக்கும் வினைபடு வரிசையை நினைத்துப் பாருங்கள். அலுமினியம் இரும்பைவிட மேலே இருக்கிறது. எனவே அது எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்துக் கரைகிறது. போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் தூளாகப் படிவது அதன் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும்தான். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது. நம் ஊர் ஈரக்காற்றுக்கும் மழைக்கும் இது வேகமாக நடக்கும். எனவே, வண்டியின் உடம்பே வயர் என்று மேலே சொன்னேனே, அந்த வயர் ஒவ்வொரு போல்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டிருக்கிறது.

வயரிங்கைப் புதிதாக மாற்றுபவர் செம்புக் கம்பிகளைத்தான் மாற்றுகிறார். சட்டத்தையும் போல்ட்டையும் அவர் தொடுவதில்லை. தொட்டாலும் அழகுக்காகப் பெயிண்ட் அடித்துவிடுகிறார். பெயிண்ட் நல்ல காப்புப் பொருள்! புதுப்பித்த வண்டியில் விளக்குகளும் மானிகளும் பழைய வண்டியைவிட மோசமாக நடந்துகொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

அளந்து பார்த்தபோது

சோதனையை மானியிலிருந்து தொடங்கவில்லை. முதலில் பார்த்தது பக்கத்தில் இருக்கும் வெப்பமானியை. எண்ணெய் மானிக்கும் வெப்பமானிக்கும் ஒரே ஸ்டெபிலைசர்தான். அது கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து தவறும். வெப்பமானி ஒழுங்காக இருந்ததால் ஸ்டெபிலைசர் தப்பித்தது.

வேறொரு வண்டியில் இரண்டு முள்ளும் ஒருசேர மேலே போனால், ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பாருங்கள். அந்தப் பெட்டியின் உடம்பு எர்த்தைத் தொடாவிட்டால் உள்ளே சூடேற்றும் கம்பிக்குத் திரும்பு வழி இல்லை. பட்டை வளையாது, தொடர்பு துண்டிக்கப்படாது, பேட்டரியின் 14 வோல்ட்டும் அப்படியே மானிக்குப் போகும். பாதி டேங்கியில் 69-க்குப் பதில் 97 மில்லிஆம்பியர் ஓடும். முள் கிட்டத்தட்ட நிறைந்ததாகக் காட்டும். சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், சுருள் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும்.

அடுத்து, ஃப்ளோட்டுக்குப் போகும் வயரை டேஷ்போர்டு பக்கத்தில் கழற்றினோம். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் அந்த வயர் பச்சை நிறத்தில் கறுப்புக் கோடு போட்டிருக்கும். இந்த வண்டியில் எல்லாமே சிவப்பு! கையில் கிடைத்த ஒரே சுருளை வைத்து வண்டி முழுவதையும் முடித்திருக்கிறார்கள். வயரைக் கழற்றியதும் முள் காலிக்குக் கீழே போய்ப் படுத்தது. சரிதான், மின்னோட்டம் இல்லையென்றால் சூடு இல்லை. பிறகு மானியின் அதே முனையை 33 ஓம், 1 வாட் தடை ஒன்றின் வழியாக நல்ல எர்த்தோடு இணைத்தோம். முள் மெதுவாக ஏறி, நிறைந்த இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. மானி நல்ல மானி. அவர் கழற்றி வைத்திருந்த பழைய மானியையும் மாட்டிப் பார்த்தோம். அதுவும் நல்லதே.

லேண்ட்ரோவரின் குட்டை வகையில் பெட்ரோல் டேங்கி வலப்பக்க முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. நம் நாட்டில் அது ஓட்டுநரின் இருக்கை. இருக்கையைத் தூக்கி மூடியைக் கழற்றினால் ஃப்ளோட்டின் தலை தெரியும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். பெட்ரோலின் தீப்பற்றும் வெப்பநிலை சுமார் மைனஸ் 43 டிகிரி செல்சியஸ். அப்படியென்றால் நம் ஊரில் காலை, மதியம், இரவு எந்நேரமும் அது பற்றத் தயாராகவே இருக்கிறது. டேங்கிப் பக்கத்தில் வயரைத் தொட்டுத் தொட்டுப் பொறி பறக்கவிடுவது உயிரோடு விளையாடுவது. நாங்கள் திறந்த வெளியில், பெரியவர் உடனிருக்க, வோல்ட் அளவில் வைத்த மல்டிமீட்டரை மட்டும் அங்கே பயன்படுத்தினோம். வோல்ட் அளக்கும்போது அதன் உள்தடை மிகப் பெரியது, மின்சாரம் ஏறக்குறைய ஓடாது. ஓம் அளப்பது, வயரைக் கழற்றுவது போன்ற வேலைகள் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான். நீங்கள் ஒருபோதும் இதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை ஃப்ளோட்டின் உலோகத் தலையில். இரண்டும் எர்த் என்றால் இடையில் கிட்டத்தட்ட 0 வோல்ட்தான் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் எண்கள் 0-க்கும் 4.4-க்கும் இடையே துள்ளின. துள்ளுவது ஸ்டெபிலைசர் விட்டு விட்டு அனுப்புவதால், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் 4.4 வோல்ட் வரை அங்கே இருக்கவே கூடாது. ஃப்ளோட்டின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று மின்சாரத்தை மறித்துக்கொண்டிருக்கிறது.

சிவப்பு முனையை டேங்கியின் போல்ட்டுக்கு மாற்றினோம். விளக்கு அணைந்திருந்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை. விளக்கைப் போட்டதும் 2 வோல்ட்! அப்போதுதான் பின்விளக்குகளின் எர்த் வயரும் இதே போல்ட்டில் மாட்டப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. வயரிங் செய்தவருக்குக் கைக்கு எட்டிய போல்ட் அதுவாக இருந்திருக்கும். பின்விளக்குகளின் மின்னோட்டம் சுமார் 1 ஆம்பியர். 2 வோல்ட்டை 1 ஆம்பியரால் வகுத்தால் டேங்கிக்கும் சட்டத்துக்கும் இடையே 2 ஓம். விளக்கைப் போட்டால் டேங்கியின் ‘எர்த்’ 2 வோல்ட் உயர்ந்துவிடுகிறது, மானிச் சுற்றுக்கு 10-க்குப் பதில் 8 வோல்ட்தான் மிச்சம். 145 ஓமில் அது 55 மில்லிஆம்பியர். அதனால்தான் விளக்கைப் போட்டால் முள் பாதிக்கும் கீழே போனது. பின்விளக்குகள் மங்கலாக எரிந்ததற்கும் இதே 2 ஓம்தான் காரணம், அதை யாரும் புகாராகவே சொல்லவில்லை.

ஆக, இரண்டு குறைகள். ஃப்ளோட்டின் தலைக்கும் டேங்கிக்கும் நடுவில் புதுக் கேஸ்கெட்டும், பெயிண்ட் அடித்த திருகாணிகளும். டேங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பெயிண்டும் துருவும். பாதை குலுங்கும்போது திருகாணி தொட்டும் தொடாமலும் இருந்ததால் முள் அலைபாய்ந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெரியவரே வேலையைச் செய்தார். சட்டத்தில் ஓரிடத்தை மணல்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்தார். ஃப்ளோட்டின் திருகாணியிலிருந்து அங்கே ஒரு தனிக் கறுப்பு வயர். பின்விளக்குகளின் எர்த்தைப் பிரித்துச் சட்டத்தில் வேறோர் இடத்தில் மாட்டினார். ஈரம் புகாமல் மேலே கிரீஸ் தடவினார். செலவு சில ரிங்கிட்தான். மீண்டும் அளந்தபோது, விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் ஃப்ளோட்டின் தலையில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. முள் நிறைந்த இடத்துக்குப் போய் நின்றது.

எல்லாப் பழைய வண்டிகளுக்கும் இதே விடை பொருந்தாது. அதற்கும் முந்திய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டு காந்தச் சுருள்கள் கொண்ட மானி இருந்தது. சாவியைத் திருப்பியதும் முள் குதித்து எழுந்தால் அது அந்த வகை. அதில் தடை கூடினால் முள் ஏறும். அதாவது எர்த் கெட்டால், வயர் அறுந்தால், டேங்கி நிறைந்திருப்பதாகக் காட்டும்! ஈருலோக மானியில் வயர் அறுந்தால் காலி என்று காட்டும். என்னைக் கேட்டால், கெட்டுப் போகும்போதும் எச்சரிக்கும் இரண்டாவது வகையே மேல். வேறு நிறுவனத்து ஃப்ளோட்டை வாங்கி மாட்டினாலும் இதே குழப்பம் வரும். ஜெர்மானிய வி.டி.ஓ. வகையில் காலிக்கு 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க வகையில் காலிக்கு 240, நிறைந்தால் 33. ஒன்றின் மானிக்கு மற்றொன்றின் ஃப்ளோட்டை மாட்டினால் முள் தலைகீழாக நடக்கும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பெட்ரோல் இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். 10 வோல்ட் மின்வழங்கி, மானிக்குப் பதில் 65 ஓமுக்கு நெருக்கமான 1 வாட் தடை, ஃப்ளோட்டுக்குப் பதில் 30 முதல் 240 ஓம் வரை மாற்றக்கூடிய ரியோஸ்டாட், ஒரு மில்லிஅம்மீட்டர். ரியோஸ்டாட்டை 30, 80, 240 ஓமில் வைத்து மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தொடரில் 50 ஓம் சேர்த்து மூன்றையும் மீண்டும் அளந்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரு கோடுகளும் எந்தப் பக்கம் விலகி நிற்கின்றன, எந்தப் பக்கம் நெருங்கி வருகின்றன என்பதைப் பாருங்கள். பெரியவரும் இப்போது தம் 45 லிட்டர் டேங்கிக்கு 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறார்.